டாபியின் ஆறு வினாடிகள்

அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முந்நூறு பேர் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம். கதவு மூடியிருந்தும் தாழ்வாரத்துச் சுவர் அதிர்ந்தது. பிறகு, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அந்தச் சிரிப்பு நின்றது. ஐவி ஹார்டேக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. மறுபடியும் சிரிப்பு. இந்த முறை கொஞ்சம் தயங்கித் தயங்கி.

உள்ளே ஒளிநாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்கள். மறுபடி அதே சிரிப்பு. அதே இடத்தில் அதே பள்ளம்.

ஐவி மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தன் ஊரான ஓல்டமிலிருந்து முதல் பஸ் பிடித்து மான்செஸ்டர் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். இன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு இருபத்தைந்துக்கு அந்த நாடா நாடு முழுக்க ஓடும். அதற்குள் அந்த ஆறு வினாடிகளை வெட்டி எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் மகன் டெரிக், தன்னைப் பெற்றவள் ஐவி இல்லை என்பதைத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

ஐவி நடிகை இல்லை. ஐம்பத்து நான்கு வயது விதவை. பதினான்கு வயதில் பஞ்சாலைத் தறிக்கொட்டகைக்குள் நுழைந்தவள், ஆலை மூடிய வருஷம்தான் வெளியே வந்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: தொலைக்காட்சி நாடகங்களில் பின்னால் நிற்க ஆட்கள் தேவை. போய் நின்றாள். முதல் வருஷம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள். இரண்டாம் வருஷம் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. டாபி.

‘கட்சிமாறி மாளிகை’ என்ற நகைச்சுவைத் தொடரில் டாபி ஊமைப் பணிப்பெண். முந்நூறு வருஷங்களுக்கு முன் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை நடந்த காலத்துக் கதை. சர் பார்னபி த்ரப் என்ற பயந்தாங்கொள்ளிப் பண்ணையார், வாசலில் எவன் குதிரை வந்து நிற்கிறதோ அவன் கட்சிக்கு மாறிவிடுவார். கூடத்துச் சுவரில் ஒரே சட்டத்தில் இரண்டு படங்கள். முன்பக்கம் மன்னர், பின்பக்கம் எதிர்ப் படையின் தளபதி. ஆள் வருவதற்குள் படத்தைத் திருப்ப வேண்டும். அவர் மனைவி பெட்ரோனெல்லா இறகு வைத்த தொப்பியை மாட்டுவதும் கழற்றுவதுமாக அலைவாள். காரியஸ்தன் எசேக்கியேல், யார் ஜெயித்தாலும் எல்லாருக்கும் நரகம்தான் என்று பிரசங்கம் செய்வான். இவர்களுக்கெல்லாம் பின்னால், அடுப்போரமாகத் தட்டும் கையுமாக நிற்பவள் டாபி.

அவளுக்கு வசனம் கிடையாது. துணை நடிகை ஒரு சொல் பேசிவிட்டால் நடிகர் சங்க விதிப்படி அவள் நடிகை ஆகிவிடுவாள். சங்க அட்டை வேண்டும், நடிகைச் சம்பளம் வேண்டும். முதல் நாளே தளத்து மேலாளர் எச்சரித்தார். “உங்க வாயிலேருந்து சத்தம் வந்துச்சுன்னா, நாளைக்கு இங்க ஸ்டிரைக்கு.”

ஐவி சத்தம் போடவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள்.

அது அவள் வேண்டுமென்று செய்ததில்லை. நானூறு தறிகள் ஒன்றாக இடிக்கும் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நெசவுக்காரிகள் சத்தமில்லாமல் பேசிக்கொள்வார்கள். உதட்டை அகலமாக அசைத்து, புருவத்தையும் கன்னத்தையும் சேர்த்து ஆட்டி, முப்பது அடிக்கு அந்தப்பக்கம் நிற்பவளிடம் ஊர்வம்பு முழுவதும் சொல்லிவிடுவார்கள். காதல், சண்டை, சாவுச் செய்தி எல்லாம் அப்படித்தான். அந்தத் தறிப் பேச்சு ஐவிக்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம். பண்ணையார் கட்சி மாறும்போது பின்னால் நின்று, “இந்த ஆளு முயலோடயும் ஓடுவான், நாயோடயும் துரத்துவான்” என்று உதட்டாலேயே சொல்லுவாள்.

லண்டனிலிருந்து வந்த தயாரிப்பாளர் ரூபர்ட் லாங்டனுக்கு அது பேச்சு என்றே தெரியாது. “அசைபோடுற பசு மாதிரி என்ன ஒரு முகம், கண்ணே!” என்பான். எல்லாரையும் அவன் கண்ணே என்றுதான் கூப்பிடுவான், மின்சாரக்காரரைக்கூட. கேமராக்காரர்களில் பாதிப்பேர் நெசவுக்காரிகளின் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் மேலே சொல்லவில்லை, சொன்னால் வேடிக்கை போய்விடும். ஆலை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை பண்ணையாரை யாரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் டாபியின் உதட்டின் மேல்தான். ஒன்பது ஊர்களிலிருந்து பஸ் பிடித்து நெசவுக்காரிகள் படப்பிடிப்புக்கு வந்து உட்கார்ந்து சிரித்தார்கள்.

நேற்றும் வந்திருந்தார்கள், நெல்சன் ஊரிலிருந்து முப்பது பேர். அவர்களுக்குப் பின்வரிசையில், ஓரத்து நாற்காலியில், ஆக்னஸ் பிரையர்லி உட்கார்ந்திருந்தாள்.

ஆக்னஸ்தான் ஐவிக்குப் பக்கத்துத் தறிக்காரி. ஐவியைவிட ஆறு வயது இளையவள். இரண்டு தெரு தள்ளி ஒற்றை ஆளாக இருக்கிறாள். டெரிக்குக்கு அவள் ஆக்னஸ் சித்தி. முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவள், அம்மை போட்டபோது ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தவள்.

டெரிக்கைப் பெற்றவளும் அவள்தான்.

போர் முடிந்த வருஷம் அவளுக்குப் பத்தொன்பது வயது. திரும்பி வராத ஒரு சிப்பாயின் குழந்தை வயிற்றில். ஐவிக்கோ மூன்று கரு தங்காமல் போயிருந்தது. மார்புச்சளிக்குக் கடற்காற்று வேண்டும் என்று சொல்லி, ஐவி ஆக்னஸை மோர்கம் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். நாலு மாதம் கழித்து ஐவியின் கையில் குழந்தையோடு இருவரும் திரும்பினார்கள். ஐவியின் புருஷன் வால்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தொட்டிலுக்குப் பச்சைச் சாயம் பூசினார், அவ்வளவுதான். கடைசிவரை யாரிடமும் சொல்லாமலே கண்ணை மூடினார். பெண்கள் இருவரும் குழந்தை வந்த அன்றே சத்தியம் செய்துகொண்டார்கள்: இவன் ஐவியின் பிள்ளை. என்றைக்கும்.

இருபத்தெட்டு வருஷம் அந்தச் சத்தியம் நின்றது. இப்போது டெரிக்குக்கும் க்ளெண்டாவுக்கும் கல்யாணம், இன்னும் இரண்டே சனிக்கிழமை. ஆக்னஸ் ஒரு நாள் வந்து வெறும் தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சர்ச்சுல முன்வரிசையில நானும் உட்காரணும் ஐவி, அவன் அம்மாவா, ஒரு நாள் மட்டும்” என்றாள். அன்றிலிருந்து ஐவி அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. பதினைந்து நாள் ஆக்னஸ் தட்டினாள். கடைசியில், ஐவி ஓடி ஒளிய முடியாத ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

புதன்கிழமை கடைசிக் காட்சி. பண்ணையார் வீட்டு விருந்து. எதிர்ப் படையின் கர்னல் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். சுவரில் தவறிப்போய் மன்னர் படம். பண்ணையார் அதைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நண்டுபோல நகர்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஐவி தட்டோடு அடுப்போரம் நிற்கிறாள். நாற்காலிகளின் இருட்டிலிருந்து ஆக்னஸின் உதடுகள் அசைந்தன.

‘ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேன். டெரிக்கிட்ட சொல்லப் போறேன்.’

ஐவியின் ரத்தம் கொதித்தது. சுற்றிலும் விளக்கு, கேமரா, முந்நூறு பேர். எல்லாம் மறந்துபோயிற்று. தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்பதுபோலத்தான் அவளுக்கு இருந்தது. யாருக்கும் கேட்காது, யாருக்கும் தெரியாது.

‘நீ பெத்தே, அவ்வளவுதான். டெரிக் என் புள்ள. சத்தியம் பண்ணினியா இல்லையா? அவனுக்கு அம்மா நான்தான்டி!’

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தாள். நெல்சன் ஊர்க்காரிகள் முப்பது பேரும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் நிறுத்தியதைப் பார்த்து மற்றவர்களும் குழம்பி நிறுத்தியிருந்தார்கள். நேர் எதிரே இருந்த கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அறைக்கதவு திறந்தது. ரூபர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டபடி வெளியே வந்தான்.

“ஐவி, கண்ணே! காலங்கார்த்தால இங்க என்ன பண்றீங்க? உள்ள வாங்க, உங்க முகத்தை வந்து பாருங்க. ரெண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு நீங்க பண்ணினதே இல்ல!”

“அதை எடுத்துடணும் தம்பி.”

“எதை?”

“அந்த முகத்தை. நான் தட்டோட நின்னு... அந்த இடத்தை. தயவுசெஞ்சு.”

ரூபர்ட் சிரித்தான். “சுருக்கம் தெரியுதுன்னு கவலையா? பெட்ரோனெல்லா அம்மா தினமும் இதையேதான் கேக்கறாங்க.”

“சுருக்கம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான்... வாய்ல ஏதோ சொல்லிட்டேன்.”

“உங்களுக்குத்தான் வசனமே இல்லையே?”

“சத்தமா இல்ல தம்பி. எங்க ஆலைப் பேச்சுல.”

அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. தாழ்வாரத்தின் இரு முனையையும் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். “கெட்ட வார்த்தையா?”

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என்ன வார்த்தை, யாரிடம் சொன்னாள் என்று அடுத்து கேட்பான். உதட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு நாடாவைப் போட்டுக் காட்டுவான். டெரிக்குக்குத் தெரியாத ஒன்று இந்த அறையில் நாலு ஆண்களுக்கு முன்னால் உரக்கப் படிக்கப்படும்.

“கெட்ட வார்த்தை இல்ல,” என்றாள். “உண்மை.”

“அப்பாடா! உண்மைக்கெல்லாம் யாரும் கேஸ் போட மாட்டாங்க.” ரூபர்ட் நெஞ்சில் கைவைத்தான். ஐவியின் கண்ணில் நீர் கோத்திருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினான். “இங்க பாருங்க. நான் நினைச்சாலும் முடியாது. மூணு கேமரா இருந்தாலும், அந்தந்த நிமிஷம் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தோமோ அது மட்டும்தான் நாடாவுல ஏறும். மத்த ரெண்டும் காத்தோட போச்சு. உங்க முகத்தை எடுத்தா அந்த இடத்துல போட என்கிட்ட வேற படமே கிடையாது. பண்ணையாரோட ஜோக்கும் சேர்ந்து போயிடும்.”

“போகட்டுமே.”

“அரை மணி நேரம்னா அரை மணி நேரம், கண்ணே. குளிர்காலத்து மின்வெட்டுல எல்லாம் தள்ளிப் போயி, புதன்கிழமை எடுத்ததை ஞாயித்துக்கிழமை போடுற நிலைமைக்கு வந்து நிக்கறோம். நாலு மணிக்கு நாடா கிளம்பியாகணும்.” அவள் தோளைத் தட்டினான். “வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. ஊர்ல எவன் உங்க வாயைப் பார்க்கப் போறான்?”

ஐவி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். ஊர் முழுக்க அவள் வாயைத்தான் பார்க்கும். எல்லாரையும்விட நன்றாகப் பார்க்கப் போகிறவன் டெரிக். பேச்சு வருவதற்கு முன்பே தறிப் பேச்சு படித்த பிள்ளை அவன். தொட்டிலில் கிடந்தபடியே அவள் உதட்டைப் பார்த்துச் சிரித்தவன்.

தானே சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி. ஏழு இருபத்தைந்துக்கு முன்னால்.

வியாழன் மாலை அவன் வேலையிலிருந்து வந்தபோது சொல்லப் போனாள். பஸ் ஓட்டி அலுத்து வந்தவன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிவிட்டான். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கால்மாட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை க்ளெண்டா வந்திருந்தாள். சனிக்கிழமை அவன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, “எப்படிம்மா? அப்பா மாதிரி இருக்கேனா?” என்று கேட்டான். “அச்சு அசல் அவர்தான்” என்று சொல்லிவிட்டு, சமையற்கட்டுக்குள் போய்த் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பொய்யைச் சொன்னவளுக்கு அன்றைக்கு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணி ஐந்தடித்தது. டப்பா சால்மன் மீன் வைத்த ரொட்டி, கிண்ணத்தில் பீச் பழம், டீ. எப்போதும் போலத்தான். டெரிக் மேஜைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டியை எடுத்தான். ஆக்னஸ் ஆறு மணிக்கு வருவாள்.

“டெரிக்.”

“ம்?”

ஐவி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வாழ்க்கையின் பெரிய விஷயங்களையெல்லாம் அவள் சத்தமில்லாமல்தான் சொல்லியிருக்கிறாள். வால்டரிடம் சம்மதம் சொன்னதும், மூன்று கரு போனதைப் பக்கத்துத் தறிக்குச் சொன்னதும் அப்படித்தான். இப்போதும் உதடுகள்தான் அசைந்தன. புருவம் ஏறியது. கன்னம் இழுத்தது.

‘நான் உன்னைப் பெக்கலடா.’

டெரிக் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான்.

“இது இன்னிக்கு வரப்போற ஜோக்கா? முன்னாடியே சொல்லிக் கெடுக்காதேம்மா!” மேஜையைத் தட்டிச் சிரித்தான். “டாபிக்கு ஏது புள்ள? எசேக்கியேலுக்குப் பொறந்ததா?”

“சிரிக்காதேடா.”

“அந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சிரிக்காதேன்னா?”

“சிரிக்காதே!” ஐவி கத்தினாள். இந்த முறை குரல் வந்தது. உடைந்த, பெரிய குரல். “டாபி இல்லடா. நான் சொல்றேன். நான்... ஐவி சொல்றேன். நான் உன்னைப் பெக்கல. வளர்த்தேன். பெத்தது நான் இல்ல.”

டெரிக் ரொட்டியைத் தட்டில் வைத்தான். எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனான். கெட்டிலை எடுத்துத் தண்ணீர் பிடித்தான். நிரம்பி வழிந்தது. குழாயை மூடவில்லை.

“யாரு?”

“டெரிக், உட்காருடா...”

“யாருன்னு கேட்டேன்.”

“ஆக்னஸ்.”

“எந்த ஆக்னஸ்?” என்று கேட்டுவிட்டு அவனே குழாயை மூடினான். “நம்ம சித்தியா?”

ஐவி தலையசைத்தாள். மோர்கம் கடற்கரை, சிப்பாய், சத்தியம் எல்லாவற்றையும் சொன்னாள். முன்னும் பின்னுமாக, திக்கித் திணறிச் சொன்னாள். டெரிக் திரும்பவே இல்லை. அவன் முதுகைப் பார்த்துப் பார்த்தே சொல்லி முடித்தாள். அந்த முதுகில் எண்ணெய் தேய்த்ததும், சளிக்கு மருந்து தடவியதும், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குள் தள்ளிவிட்டதும் அவள் கைதான். இப்போது தொடத் துணிவில்லை.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நேத்துக் கண்ணாடி முன்னாடி நின்னு கேட்டேனே. அச்சு அசல்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“இன்னிக்கு மட்டும் ஏன் சொல்றே? இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு?”

அவள் புதன்கிழமை நடந்ததைச் சொன்னாள். டெரிக் மெல்லத் திரும்பினான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“ஆக, டிவியில வரலேன்னா சொல்லியே இருக்க மாட்டே.”

இல்லையடா, சொல்லத்தான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாய்மார்கள் சொல்லும் பொய்தான் அது. ஐவி அவன் கண்ணைப் பார்த்தாள்.

“சொல்லியிருக்க மாட்டேன்,” என்றாள். “செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பயம். நீ அவளைப் பார்த்து ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டுட்டா எனக்கு அப்புறம் என்ன இருக்கு?”

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

இருவரும் அசையவில்லை. மறுபடி தட்டினார்கள். டெரிக் போய்த் திறந்தான்.

ஆக்னஸ் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கென்று வாங்கிய அகலத் தொப்பியை இன்றைக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டெரிக் அவள் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினான். அவள் நடு அறைக்கு வந்து, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் பள்ளிப்பெண் மாதிரி ஆரம்பித்தாள்.

“டெரிக், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். ரொம்ப நாளா...”

“சொல்லியாச்சு சித்தி.”

ஆக்னஸ் ஐவியைத் திரும்பிப் பார்த்தாள். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“பதினஞ்சு நாள் உன் கதவைத் தட்டினேன். பால்காரனுக்குத் திறந்தே, கரிக்காரனுக்குத் திறந்தே. எனக்குத் திறக்கல.” ஆக்னஸ் ஒரு அடி முன்னால் வந்தாள். “அவன்கிட்ட நான் சொல்றதுக்குன்னு உலகத்துல இருந்தது அந்த ஒண்ணுதான் ஐவி. அதையும் நீயே எடுத்துக்கிட்டியா?”

ஐவிக்கு அந்தக் கேள்வி கன்னத்தில் விழுந்த அறை போல இருந்தது.

“ஏன் குடுத்தீங்க?” என்றான் டெரிக்.

“என்னடா?”

“என்னை. ஏன் குடுத்தீங்க?”

ஆக்னஸ் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். “எங்கப்பா வாசல்ல குறுக்க நின்னாரு. கையில புள்ளையோட வந்தேன்னா இந்தப் படியை மிதிக்காதேன்னாரு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாங்க. இவ ஒருத்திதான் ரெண்டு கையையும் நீட்டினா.” சொல்லும்போது ஐவியைப் பார்க்கவில்லை. “அதனால குடுத்தேன். குடுத்த அன்னிக்கே திரும்பக் கேக்கணும்னு தோணுச்சு. மறுநாளும் தோணுச்சு. இருபத்தெட்டு வருஷமும் தோணுச்சு. ரெண்டு தெரு தள்ளிக் குடியிருந்தா உன் சத்தமாவது கேக்கும்னு வேற எங்கயும் போகல.”

“கையை நீட்டினேன்,” என்றாள் ஐவி. “வாங்கினப்புறம் விரலை ஒரு தடவைகூடத் தளர்த்தல. அது என் தப்பு.”

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார்கள். ஏதோ பாட்டுச் சத்தம் வந்தது. ஐவி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐம்பது.

டெரிக் ஜன்னலோரம் போய் நின்றான். அவன் தாடை இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. இரண்டு பெண்களும் நீதிபதி வாயைப் பார்ப்பதுபோல அவன் முதுகைப் பார்த்தபடி இருந்தார்கள். அவன் இப்போது தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனால் எப்போது வருவான், யார் வீட்டுக்கு வருவான் என்று ஐவியால் சொல்ல முடியாது. க்ளெண்டா வீட்டில் அவனுக்கு ஒரு கட்டில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் ஒரு தடவைகூட இந்தப் படியை மிதிக்காமல் அவனால் இருக்க முடியும். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு விடியறதுக்குள்ள வண்டி எடுக்கணும்,” என்றான் அவன் கண்ணாடியைப் பார்த்தே. “பின்னால நாப்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க. இந்த மண்டையை வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டப் போறேன்னு தெரியல. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம். அது சீக்கிரம் போகாது. போயிடுச்சுன்னு பொய் சொல்லவும் மாட்டேன். இந்த வீட்டுல பொய் போதும்.”

அவன் கண்ணாடியை விட்டுத் திரும்பினான்.

“அம்மா,” என்றான்.

ஐவி நிமிர்ந்தாள். அதே கணத்தில் ஆக்னஸும் நிமிர்ந்தாள். இரண்டு முகங்களும் அவன் பக்கம் திரும்பியதை டெரிக் பார்த்தான். அவன் கண் ஒரு நொடி ஆக்னஸிடம் தங்கியது. அதில் கோபம் இல்லை. பிறகு ஐவியிடம் வந்தது.

“சித்தி கோட்டு ஆணியில இருக்கு பாரு. எடுத்துக் குடும்மா.”

ஆக்னஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள், அதற்காகத்தான் தலையை நிமிர்த்தியது போல. ஐவி கோட்டை எடுத்து வந்தாள். கால் தரையில் பாவவில்லை. கையில் கோட்டின் கனம் தெரியவில்லை. அழுதுவிடக் கூடாது, இவள் முன்னால் இப்போது அழுதால் அது பாவம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். டெரிக் அவள் கையிலிருந்து கோட்டை வாங்கி ஆக்னஸுக்கு மாட்டிவிட்டான். மேல் பொத்தானையும் அவனே போட்டான்.

“கல்யாணத்தன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போற காரு, முதல்ல உங்க வாசலுக்கு வரும்,” என்றான். “பத்து மணிக்கு. தயாரா இருங்க.”

“நான் எங்க உட்காரணும்?”

“கார்லயா, சர்ச்லயா?”

“சர்ச்ல.”

“அதை இன்னிக்கு என்னால சொல்ல முடியாது சித்தி.”

ஆக்னஸ் தலையசைத்தாள். கை அவன் கன்னத்துக்குப் போகப் பார்த்துப் பாதியில் நின்றது. டெரிக் விலகவில்லை. அவள் விரல்கள் ஒரு கணம் அவன் தாடையில் பட்டன. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள். வாசலில் ஐவியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னும் அரைமணியில தெருவே உன் வாயைப் பார்க்கப் போகுது. எல்லாருக்கும் என்னடி பதில் சொல்லப் போறே?”

“தெரியல ஆக்னஸ்.”

“எனக்கும் தெரியல. நாளைக்கு ரொட்டி வாங்க நானும் அதே கடைக்குத்தான் போகணும்.” சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. “காலையில வா. சேர்ந்தே போகலாம். தனித்தனியாப் போனா தின்னுடுவாளுங்க.”

“வர்றேன்.”

“கதவைத் திறந்து வைக்கறேன்,” என்று அழுத்திச் சொல்லிவிட்டு ஆக்னஸ் படியிறங்கினாள். அகலத் தொப்பி காற்றில் படபடத்தது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை டெரிக் வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.